சுவிட்ச் போடாத நாட்கள்

ஜூன் 9, திங்கள்

மருமகன் ரம்பத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று ஒரு வரிக்கு மேல் என் வீட்டுக்காரி மொழிக்குக் கை ஓடவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் கூட எழுதுவேன் என்கிறாள்.

நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது, பெருவிரல்தான். குழல்வாய்மொழி முப்பது வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள். வைகாசி பிறந்து மூன்றாம் நாள் காலையில் தோசைக்கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. வலது கை, வலது கால் இரண்டும் சொன்னபடி கேட்பதில்லை. தினமும் பேனா பிடித்து எழுதினால் கைக்கு நல்லது என்று பிசியோ டீச்சர் ஜெனிபர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

"என்னத்த எழுத?" என்று கேட்டாள். "நான் சொல்லுதேன், எழுது" என்றேன். கை வலிக்கிறதாம். போதும்.

ஜூன் 12, வியாழன்

ரம்பம் பார்க்க மேசை போல இருக்கும். நடுவில் ஒரு கீறல். அதற்குள்ளிருந்து வட்ட பிளேடு பாதி எட்டிப் பார்க்கும். பலகையை மேசைமேல் வைத்துத் தள்ளினால் நெடுக அறுத்துக்கொண்டு போகும். மருமகன் சிவபாலன் ஆசைக்கு வாங்கி வைத்திருந்தார். கோயம்புத்தூரில் மாடி வீட்டுக்கு மாறுகிறார், அங்கே இடமில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டில் சும்மாதானே கிடக்கிறது.

மொழி நடந்து பழகுவதற்கு வீட்டுக் கூடத்தில், பட்டாசாலையில், இடுப்பு உயரத்துக்கு இரண்டு கம்பு வேண்டும் என்று ஜெனிபர் சொல்கிறது. கடையில் விற்கிற இரும்புக் கம்பி நம் பட்டாசாலைக்கு அகலம் கூடுதல். "ஒன்றரை மாசத்துக்குள்ள கால் பழகணும் ஐயா. தள்ளித் தள்ளிப் போட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

"செங்கோட்டை மர மில்லுல ஏழு வருஷம் கெடந்தவன் நான். பத்து வெரலும் பத்திரமா இருக்கு, பாத்துக்கோ. வேங்கைப் பலகை எட்டடி வாங்கிப் போட்டாச்சு. ரெண்டு நாள்ல அறுத்துருவேன்" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அறுக்கவில்லை. பிளேடுக்கு மேலே ஒரு மூடி வரும், பின்னால் ஒரு தகடு நிற்கும். அறுத்த இடுக்கு திரும்ப மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அந்தத் தகடு பார்த்துக்கொள்ளும். கவ்வினால் பலகை எதிரே நிற்கிறவன் வயிற்றில் வந்து அடிக்கும். மருமகன் இரண்டையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். போனில் கேட்டேன்.

"அது இடைஞ்சல் மாமா. வீடியோவுல எவனும் மாட்டுறதில்ல."

"வீடியோ எடுத்து முடிஞ்சப்புறம் எத்தன வெரல் மிச்சம்னு காட்டுதானா?"

"மாமா, பேசாம ஆசாரியக் கூப்பிடுங்க."

ஆசாரி வேண்டாம் என்றேன். இரண்டையும் மாட்டுவதற்கே பொழுது போய்விட்டது. ஒரு திருகு கிடைக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

தரை மட்டமில்லை. சிமெண்டு பூசினேன். இரண்டு நாள் காயவேண்டும்.

ஜூன் 18, புதன்

சிமெண்டு காய்ந்துவிட்டது. மேசை ஆடவில்லை.

பிளேடின் பல் பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் வேலை கூடாது, வெட்டுத்தான் கூடும். ஏற்றி இறக்கி எட்டுத் தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டேன். பலகை சாயாமல் ஒட்டிப் போகிற பக்கத்துக் கட்டை பிளேடுக்கு நேர் இணையாக நிற்கவேண்டும். மயிரிழை சாய்ந்திருந்தது, சரிசெய்தேன். பிறகு ஒரு தள்ளுகட்டை செய்தேன். வாலில் ஒரு வெட்டு, கைக்கு ஒரு பிடி. கடைசி முக்கால் அடிக்குக் கை பிளேடு பக்கமே போகக்கூடாது, இந்தக் கட்டைதான் போகவேண்டும். பிடி சரியாக வரவில்லை என்று இன்னொன்று செய்தேன். அதுவும் மனசுக்குப் பிடிக்காமல் இன்னொன்று.

லுங்கி கூடாது. பேரன் விட்டுப்போன கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். மொழி சிரித்ததில் வாய் கோணுவது கூடத் தெரியவில்லை. தோளில் துண்டு கூடாது. மோதிரத்தைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று.

எல்லாம் தயார். மணி நாலாகிவிட்டது. வெளிச்சம் போதாது.

(இது நான் எழுதுவது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நாலு மணிக்குக் கொட்டிலில் ஊசியில் நூல் கோக்கலாம், அவ்வளவு வெளிச்சம் இருந்தது. சுவிட்ச் போடும் சத்தம் இன்றுவரை எனக்குக் கேட்கவில்லை.)

ஜூன் 21, சனி

சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், ரோடெல்லாம் கார். பலகை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மின்சாரமும் ஆபத்து. மொழிக்கு வெந்நீர் போட்டுக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அவரைக்காய்ப் பொரியலில் உப்பு கூடிவிட்டது.

மகள் கூரியரில் கையுறை அனுப்பியிருக்கிறாள். சுழலுகிற பிளேடு பக்கம் கையுறையே போடக்கூடாது. நூல் ஒன்று மாட்டினால் போதும், கையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு முள்முருங்கை வெட்டினேன். கண்ணுக்கு மாட்டும் கண்ணாடியும் கூடவே வந்தது. அது நல்லது, வைத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெனிபர் வந்தது. கம்பு எங்கே என்று கேட்டது. நாளைக்கு என்றேன். போன தடவையும் நாளைக்குத்தானே சொன்னீர்கள் என்றது. சாரலைச் சொன்னேன்.

அது போனபிறகு மொழி பிடித்துக்கொண்டாள்.

"பலகைய ஆட்டோவுல போட்டு மில்லுக்கு விடுங்க. அஞ்சு நிமிசத்துல அறுத்துத் தந்துருவான்."

"மில்லுக்கு நான் போவ மாட்டேன்."

"அப்ப இங்கனயே அறுங்க. பலகை நீளம், ஒத்த ஆளுக்குக் கஷ்டம்தான். என்னைப் பின்னால ஒரு நாற்காலி போட்டு உக்கார வையுங்க. எடது கை நல்லாத்தான இருக்கு. நான் வாங்கி இழுத்துக்கிடுதேன்."

"இழுக்கியா? நீ யாருளா இழுக்க? பின்னால வந்து நின்னே, கால ஒடிச்சிருவேன்."

ஒடிப்பதற்கு ஏற்கெனவே ஒன்றுதான் மிச்சம் என்றாள்.

ஜூன் 25, புதன்

(அவர் இன்று எதுவும் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்துமூன்று வருஷம். மில் வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: மரத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை, இழுப்பு வந்துவிட்டது. அதன் பிறகு லாரியில் மூட்டை ஏற்றினார், பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தார். மில் இருக்கும் தெரு வழியாகக் கூடப் போகமாட்டார், சுற்றித்தான் போவார்.

இந்தப் பதினைந்து நாளாகத் தள்ளுகட்டைக்கு அரம் போடுகிறார், உப்புத்தாள் தேய்க்கிறார், கொட்டில் முழுக்கத் தூசி. ஒரு தும்மல் வரவில்லை.)

ஜூன் 27, வெள்ளி

எழுதிக்கொள்.

எழுபத்தொன்பது, ஆடி, இரண்டாம் செவ்வாய். காலை பத்தே முக்கால். தோதகத்திப் பலகை, பதினோரு அடி, ஒன்றரை அங்குலக் கனம். முன்னால் நின்று தள்ளியவர் குத்தாலிங்கண்ணாச்சி. நான் பின்னாள். பிளேடைத் தாண்டி வருகிற பலகையை வாங்கி அடுக்குகிறவனுக்குப் பின்னாள் என்று பெயர். பின்னாள் இழுக்கக்கூடாது. வருவதைத் தாங்கத்தான் வேண்டும். முன்னால் இருப்பவன் கை எங்கே இருக்கிறது என்று பின்னாளுக்குத் தெரியாது. சேர்ந்த முதல் நாளே அண்ணாச்சி இதைச் சொல்லித் தந்தார்.

டீக்காரன் எசக்கி தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்றான். பலகையில் இன்னும் ஒரு அடி பாக்கி. ஒரு கணு வந்து சிக்கி நின்றது. டீ ஆறிவிடும் என்று நான் ஒரு இழுப்பு இழுத்தேன்.

அண்ணாச்சிக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று.

மில் முதலாளி விசாரித்தபோது, கணு சிக்கிற்று, கை வழுக்கிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதோடு சரி.

மொழி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எழுதமாட்டேன் என்கிறாள். எழுது. இன்றைக்குச் சாயங்காலம் ரேஷன் கடையில் பாமாயில் போட்டான், வாங்கிவந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

(கம்பு மட்டும்தான் வேண்டுமென்றால் மகளிடம் சொன்னால் போதும், மில்லில் அறுத்து நாளைக்கே வந்துவிடும். ஆனால் இவர் அப்புறம் கொட்டில் பக்கமும் போகமாட்டார், சுற்றிப் போக இன்னொரு தெரு கூடிவிடும். அந்தக் குத்தாலிங்கண்ணாச்சியின் மருமகள் புளியரையில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் பால்வாடியில் படித்தவை. போன் போட்டேன். நம்பரை வலது கையால்தான் அமுக்கினேன்.)

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுதவேண்டும். மொழி தைலம் தேய்த்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

காலை ஒன்பதரைக்கு நான் கொட்டிலில் நாலாவது தள்ளுகட்டைக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல்.

"ஏல பேச்சிமுத்து! இருக்கியால, செத்துட்டியா?"

நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகும் குரல் தெரிந்தது. எழுந்தேன். எழுபத்தெட்டு வயசு அவருக்கு. குடையை ஊன்றிக்கொண்டு, பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். குடைப்பிடியில் இரண்டு விரல்தான் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றேன்.

மொழி பட்டாசாலையில் இருந்தபடியே, "வாங்க, வாங்க. நான்தான் போன் பண்ணுனேன். உக்காருங்க, டீ போடச் சொல்லுதேன்" என்றாள். டீ போடுகிறவன் நான்தான். போட்டுக் கொடுத்தேன். தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவர் தட்டிலிருந்ததையும் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்.

"ஏதோ ரம்பம் வாங்கிப் போட்டு அழகு பாக்கியாமே. காட்டு."

கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். மொழியையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார். சுவரில் தொங்கிய தள்ளுகட்டைகளை எண்ணினார்.

"கல்யாணப் பொண்ணுக்குக் கூட இம்புட்டு அலங்காரம் பண்ண மாட்டாவல. எத்தன நாளா?"

"இருபத்தஞ்சு நாளா" என்று மொழி சொன்னாள்.

"எத்தன பலகை அறுத்திருக்கான்?"

மொழி சுவரோரம் முழுசாகக் கிடந்த வேங்கைப் பலகையைக் காட்டினாள்.

நான் சொன்னேன். மொழியிடம் சொன்னது போலவே சொன்னேன். டீ, எசக்கி, கணு, இழுப்பு. அவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னேன்.

"இழுத்தது எனக்குத் தெரியாதால?" என்றார் அண்ணாச்சி. "பலகைய யாரு இழுத்தான்னு தள்ளுதவனுக்குத் தெரியாமப் போவுமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அன்னைக்கு எங்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருநாளுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். அஞ்சாம் நாளு. மணிக்கட்டுல மஞ்சக்கயிறு, முடிச்சுக்கு அந்தால ரெண்டு வால் தொங்குது. காப்போட ரம்பத்துல நிக்காதேன்னு மேஸ்திரி காலையிலேயே சொன்னாரு. அம்மன் கயிறு கையில கெடக்கு, என்ன ஆயிரப் போவுதுன்னு நின்னேன். நீ இழுத்தப்ப கை வழுக்கிச்சு, நெசம். ஆனா வழுக்குன கைய வெடுக்குன்னு எடுத்திருப்பேன். கயித்து வால பிளேடு பல்லு புடிச்சுக்கிட்டுது. எடுக்க முடியல."

"அண்ணாச்சி..."

"ஒன்னச் சொன்னா ஒன் வேல போவும். கயித்தச் சொன்னா அம்மன் குத்தம்பானுவ, கொடையே நின்னு போவும். அதான் கணுவச் சொன்னேன். பாவம் கணு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் என்மேல் தப்பில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஏன் இல்ல? இழுத்தது நீதான. கயித்தோட நின்னது நான். ரெண்டும் நெசம். ஆனா பேச்சிமுத்து, அதெல்லாம் நான் பெருசா நெனைக்கல. தென்காசி ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு நாள் கெடந்தேன். மில்லுல அத்தன பேரும் வந்தானுவ. கதவு தொறக்கும்போதெல்லாம் ஒன்னையத்தான் பாத்தேன். நீ வரல பாத்தியா, அதான்."

 அவர் கையைப் பிடித்தேன், அந்தக் கையைத்தான். அவ்வளவுதான். எழுத ஒன்றுமில்லை.

(நிறைய நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.)

அப்போதுதான் அண்ணாச்சி என் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏல, இது என்னது?"

என் வலது மணிக்கட்டில் கயிறு. மொழி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இலஞ்சி முருகன் கோயிலில் வேண்டிக் கட்டியது. சிவப்பு நூல், முடிச்சில் இரண்டு வால். மோதிரத்தைக் கழற்றினேன், துண்டை எடுத்தேன், லுங்கியை மாற்றினேன். இருபத்தைந்து நாளாகத் தினமும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது கண்ணில் படவே இல்லை. சாமி கயிறு என்றால் அது உடம்போடு சேர்ந்ததாகப் போய்விடுகிறது.

"கழத்து."

"முடியாது அண்ணாச்சி. இவ நடந்து கோயிலுக்கு வந்து அவ கையாலதான் அவுக்கணும்னு வேண்டியிருக்கேன். அதுக்கு முன்ன அவுத்தா..."

"அப்ப சட்டைக் கைய இறக்கி மூடிக்கிட்டு அறுப்பியோ?"

மொழி நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்: "அந்தக் கத்தரிக்கோல எடுங்க."

"ஏளா, வேண்டுதல்."

"எனக்காவத்தான வேண்டுனிய? நான் சொல்லுதேன், முருகன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். கத்திரிக்கணும்னா என் கைதான கத்திரிக்கணும்? எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி வலது கைக்கு மாற்றினாள். விரல் வளையத்துக்குள் நுழையவில்லை. அண்ணாச்சி உதவப் போனார். வேண்டாம் என்று தலையாட்டினாள். முதல் தடவை வெறும் காற்றை வெட்டியது. இரண்டாம் தடவை நூல் மடங்கி வழுக்கியது. மூன்றாம் தடவை அறுந்தது.

"நான் கிழவியானாலும் கை கிழவியாவல" என்றாள். நெற்றி முழுக்க வியர்வை.

அண்ணாச்சி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பினார். பின்னாளாக நான் நிற்கட்டுமா என்று அவராகக் கேட்டார். வேண்டாம் என்றேன். பின்னால் ஆளே வேண்டாம், அறுந்த பலகை தானாகப் போய்ப் படுக்க அதே உயரத்துக்கு ஒரு மேசை போட்டுவிடலாம் என்றேன். "மில்லுலயே அப்படிப் போட்டிருக்கணும்" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று பழைய கட்டில் பலகையில் பின் மேசை செய்து ரம்பத்தோடு சேர்த்தேன். இன்று காலை பத்து மணிக்கு அறுத்தேன்.

பிளேடுக்கு நேரே நிற்காமல் இடப்பக்கம் தள்ளி நின்றேன். சுவிட்சைப் போட்டுவிட்டு அது முழு வேகம் எடுக்கும்வரை காத்திருந்தேன். சத்தம் மில்லில் கேட்டது போல இல்லை, சின்னதுதான். தள்ளினேன். பாதியில் ஒரு கணு வந்தது. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. வேகத்தை மட்டும் குறைத்தேன். அதன் பாட்டுக்குப் போயிற்று. கடைசி முக்கால் அடிக்குத் தள்ளுகட்டை. பலகை பின் மேசையில் போய்ப் படுத்தது. சுவிட்சை அணைத்து, பிளேடு சுற்றி நின்றபிறகுதான் கிட்டே போனேன்.

பிறகு இரண்டாவது கம்பு. சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

கை பத்து விரலையும் எண்ணிப் பார்த்தேன் என்று மொழியிடம் சொன்னேன். எழுதவேண்டாம் என்றும் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

கம்பு இரண்டையும் கால் ஊன்றிப் பட்டாசாலையில் நிறுத்தியாயிற்று. உப்புத்தாள் போட்டு, மரச் சிலாம்பு கையில் குத்தி ஏறாமல் எண்ணெய் தடவியிருக்கிறேன்.

ஜெனிபர் பத்தே காலுக்கு வந்தது. மொழி நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கம்பையும் பிடித்தாள். இடது கால் போயிற்று. வலது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. ஜெனிபர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டே போயிற்று. நான் ஓரமாக நின்றேன். எட்டடியைப் பதினாலு எட்டில் கடந்தாள்.

கடைசியில் போய் நின்றவள், "இனி எப்படித் திரும்ப?" என்று கேட்டாள்.

கம்பு முடிகிற இடத்தில் பிடித்துத் திரும்ப ஒன்றுமில்லை. இரண்டு கம்பையும் சேர்த்து ஒரு குறுக்குக்கட்டை போட்டிருக்கவேண்டும். ஏழு வருஷம் மில்லில் கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை.

"ஐயா, நாளைக்குப் போட்டுக்கலாம். நாற்காலியக் கொண்டுவாரேன்" என்றது ஜெனிபர்.

"நாளைக்கா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள் மொழி. "நீங்க போய் அறுத்துட்டு வாங்க. நான் நிக்கேன்."

"நிப்பியா?"

"நிக்கேன்னு சொல்லுதேன்லா. போங்க."

மிச்சப் பலகையில் இரண்டரை அடியைக் கைவாளால் துண்டித்தேன். கண்ணாடி மாட்டினேன். பக்கத்துக் கட்டையை வைத்தேன், பல்லைப் பார்த்தேன், தள்ளுகட்டையை எடுத்தேன், சுவிட்சைப் போட்டேன். அறுத்து முடித்துப் பிளக்கைப் பிடுங்கும்போதுதான் நினைவு வந்தது, சுவிட்சில் கை வைக்கும்போது எதையுமே நினைக்கவில்லை என்று.

கட்டையோடு ஓடிவந்தேன். ஜெனிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "ஒன்பது நிமிசம் ஐயா" என்றது.

மொழி நின்றுகொண்டிருந்தாள். கம்பைப் பிடித்திருந்தது ஒரு கைதான். இன்னொரு கையால் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது வலது கை.

"சிலாம்பு போவ உப்புத்தாள் போட்டியளா?" என்று கேட்டாள்.

போடவில்லை. போட உட்கார்ந்தேன்.